முதல் பெஞ்சும் முன்பாயும்

பிரிக்பீல்ட்ஸில் பரிசுத்த மத்தியா ஆலயம் கட்டி முடிந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: சீமையில் இருக்கிற கோயில் மாதிரியே இருக்கிறது. அது வெறும் பாராட்டு அல்ல; உண்மை. படம் வரைந்து கொடுத்த துரை, இங்கிலாந்தில் தாம் பிறந்த ஊர்க் கோயிலை அங்குலம் மாற்றாமல் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஊரில் பனி கொட்டும். ஆகையால் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கும் பனி வழுக்கி விழத் தோதாகச் செங்குத்தான கூரை அமைந்தது. குளிர்காற்று நுழையாதபடி ஒடுக்கமாய், உச்சி கூர்ந்த சன்னல்கள். அவற்றில் திறக்க முடியாத வண்ணக் கண்ணாடி. வாசல் மண்டபத்தில் பூட்சில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட ஓர் இரும்புப் பட்டை. பின்சுவரில் கணப்பு மூட்ட ஒரு மாடம். மத்தியானம் தவறாமல் மழையும், மழை விட்டதும் புழுக்கமும் வருகிற கோலாலம்பூரில், சபையார் விசிறியும் கையுமாக உட்கார்ந்து அந்தக் கணப்பு மாடத்தைப் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிற்பாடு அதில் குடைகளை வைக்கத் தொடங்கினார்கள்.

வேதபாடம் வாசிக்கிற மேடை, சிறகு விரித்த கழுகின் முதுகில் இருக்கவேண்டும் என்பது சீமை வழக்கம். கிள்ளானில் ஒரு சீன ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்தார்கள். அவர் கழுகைக் கண்டதில்லை. ஆனால் வீட்டில் சண்டைச் சேவல் வளர்த்தார். வாசிக்கிறவர்கள் அந்தப் பறவையின் கண்ணைப் பார்க்காமல் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கண்ணில் பட்டவை தூண்கள். சீமையில் அவை கல்கூரையைத் தாங்கின. இங்கே கூரை மரச்சட்டத்தில் நின்றது. மரச்சட்டத்தைச் சுவர் தாங்கியது. ஆனாலும் படத்தில் தூண் இருந்ததால் தூண் கட்டினார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். ஒன்றையும் சுமக்காமல் இவ்வளவு கம்பீரமாக நிற்பது எப்படி என்று அவை சபைக் கமிட்டியிடம் கற்றுக்கொண்டதாகச் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் கமிட்டியில் இடம் கிடைக்காதவர்கள்.

அந்தத் தூண்களில் ஒன்றுதான் ஞானமுத்து ஜெயராஜின் நெஞ்சின்மேல் விழுந்தது.

ஜெயராஜ், ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் மூத்த வார்டன். கோயிலின் சாவி, விளக்கு, பெஞ்சு, காணிக்கைப் பை எல்லாம் அவர் பொறுப்பு. பழைய அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் ஆராதனை நடந்த காலத்தில் எல்லாரும் பாயில்தான் உட்கார்ந்தார்கள். புதுக்கோயிலுக்குப் பெஞ்சு வரப்போகிறது என்றதும், யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி பிறந்தது. உபதேசத்தில் பிறக்காத பேதமெல்லாம் அந்தக் கேள்வியில் பிறந்தது.

கமிட்டி நெடுநேரம் விவாதித்து, கடைசியில் டவுனில் கூடாரம் போட்டிருந்த பயாஸ்கோப்பை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. பயாஸ்கோப்பில் தரை முன்னால்; பெஞ்சு அதற்குப் பின்னால். தரையில் உட்காருகிறவன் குறைந்தவன், பெஞ்சில் உட்காருகிறவன் கூடியவன் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து, தண்டவாளம் போடுகிற ரயில்வே கேங் ஆட்களுக்கும் அவர்கள் பெண்டு பிள்ளைகளுக்கும் விடுவது. அதற்குப் பின்னால் உயர்ந்த சாய்மானம் வைத்த பெஞ்சுகள், உத்தியோகப்படி. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். வேதமாணிக்கம் ஐயர் மட்டும் மெல்லச் சிரித்தார். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். "ஏழைகளுக்கு முன்னிடம் கொடுத்தீங்க. நல்லாயிருங்க," என்றார். தாங்கள் அப்படி ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோமா என்று கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சின் வலக்கோடிதான் கோயிலிலேயே மரியாதையான இடம். அதற்கு ஜெயராஜும் கண்டிராக்டர் டேனியல் ரெங்கசாமியும் போட்டியிட்டார்கள். ரெங்கசாமி தகப்பனார் ஞாபகமாகப் பிரசங்க பீடம் செய்து கொடுத்தவர். எட்டு மூலையும், ஏறப் படியும், தலைக்குமேல் ஒரு மரக்கூரையுமாக அது யானை அம்பாரி மாதிரி இருந்தது. அவ்வளவு கொடுத்தவரையும் வென்று ஜெயராஜ் அந்தக் கோடியைப் பிடித்தார். துரையின் படத்தில் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு சிறு வட்டம் இருந்தது. பூச்சட்டி வைக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஜி. ஜெயராஜ் எஸ்குயர் என்று துரைமார் பாணியில் பித்தளைத் தகட்டில் வெட்டி, பெஞ்சின் தோளில் திருகினார்கள்.

பிரதிஷ்டை ஞாயிறன்று அவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து தகட்டைத் தடவிவிட்டு உட்கார்ந்து நிமிர்ந்தார். பெஞ்சுகளை முந்தின நாள் இரவுதான் போட்டிருந்தார்கள்; பூச்சட்டிக்குப் பதிலாகத் தூண் நின்றது. அதற்கு அந்தப்புறம், வலமூலையில், ரெங்கசாமியின் பிரசங்க பீடம். ஐயர் அதில் ஏறியபோது அவருடைய இடது முழங்கை மட்டும் தெரிந்தது. அதுவும் அவர் உற்சாகமாகப் பேசும்போது மட்டும்.

வேறொருவராக இருந்தால் காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஜெயராஜுக்கு அது முடியாது. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

இது அவருக்கும் அவர் மனைவி புஷ்பவல்லிக்கும் மட்டும் தெரியும். ஆரம்பத்தில் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு கடிகாரத்தின் சத்தம் போயிற்று. பேசுகிறவர் முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்து அறிந்துகொள்வார்; முகம் திரும்பினால் உலகமே கதவை அடைத்துவிடும். கமிட்டியில் ஏதாவது புரியாவிட்டால் மீசையைத் தடவி, "யோசிக்க வேண்டிய விஷயம்" என்பார். அதனால் ஆழ்ந்த சிந்தனையாளர் என்ற பெயரும் கிடைத்திருந்தது. கொட்டகையில் ஐயருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தபோது ஒரு வார்த்தை தப்பியதில்லை. வாரம் முழுவதும் மௌனத்தில் கிடக்கிற மனிதருக்கு அந்த ஒரு பிரசங்கம்தான் ஆகாரம். இப்போது அதுவும் தூணுக்கு அப்பால் போய்விட்டது.

நகர்ந்து உட்காரலாம். நகர்ந்தால் ரெங்கசாமியின் மடி. இடம் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் தோற்றுப்போனதாக அர்த்தம். காது கேட்கவில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்லுவதைவிடத் தூணை இடித்துத் தள்ளுவது சுலபம் என்று பட்டது அவருக்கு.

ஆகவே அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கினார்.

"பிரசங்க பீடம் இடப்பக்கம் இருக்கறதுதான் லட்சணம்."

"அண்ணே, துரை படத்துல வலப்பக்கந்தானே இருக்கு?" என்றார் ரெங்கசாமி.

"அந்த ஊர்ல ஏதாச்சும் காரணம் இருக்கும்."

"இந்த ஊர்லயும் காரணம் இருக்கு. அடியில எங்கப்பா பேரு வெட்டின கல்லு வச்சு, சிமெண்டு போட்டு உக்காத்தியிருக்கு. எங்கப்பாவ இடப்பக்கம் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"உங்கப்பாவ யாரு தொட்டா? அவரு அங்கேயே இருக்கட்டும். பீடத்த மட்டும் நகத்தலாம்னேன்."

"அப்ப அவரு தலைக்குமேல என்ன வைப்பீங்க? பூச்சட்டியா?"

பூச்சட்டி என்றதும் ஜெயராஜுக்குச் சுருக்கென்றது. ரெங்கசாமி விடவில்லை. "இல்ல, தூணு மறைக்குதுன்னா சொல்லுங்க. எங்கிட்ட ஆளு இருக்கு, வெட்டித் தள்ளிப்புடலாம்."

கேலிக்குத்தான் சொன்னார். ஜெயராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "வெட்டலாம்னா..."

கமிட்டி முழுவதும் பதறியது. தூணை வெட்டினால் கூரை விழும் என்றார் ஒருவர். கூரை விழாது, ஆனால் சீமைக் களை போய்விடும் என்றார் இன்னொருவர். அது இன்னும் பெரிய ஆபத்தாகப் பட்டதால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஐயர் மேசையின்மேல் சாய்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஜெயராஜ், நெசமா உங்களுக்கு என்ன வேணும்?"

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. பதில் சொல்ல நல்ல நேரம். ஜெயராஜ் மீசையைத் தடவினார்.

"ஆலயத்தோட அழகுங்கய்யா," என்றார்.

வீட்டில் புஷ்பவல்லி அவருக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டை போடுவதானாலும் முகம் காட்டித்தான் போடுவாள். அவருக்குப் புரியாத சண்டையால் பயன் இல்லையே.

"காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போவீங்க?"

"செவிட்டு வார்டன்னு கூப்பிடுவான். ரெங்கசாமி மொதல்ல கூப்பிடுவான்."

"இப்ப மட்டும் என்ன, தூணோட சண்டை போடறவருன்னு சொல்றாங்க. பொம்பளைங்க பக்கம் கேட்டா தெரியும்."

"யாரு சொன்னா?"

"சொன்னா கேக்கவா போவுது உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் ஐயரு அழகாப் பேசினாரு. நான் அழுதேன். திரும்பிப் பாத்தா, நீங்க தூணையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. மனசு கேக்கலீங்க எனக்கு."

அடுத்த ஞாயிறும் தூண்தான். நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. எல்லாரும் தலை குனிந்தார்கள், அவரும் குனிந்தார். நிமிர்ந்தபோது பெண்கள் பக்கத்தில் புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. அங்கே, தூணுக்கு அந்தப்புறம், யாரோ எதையோ எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். தம் கைக்கு மட்டும் வரவில்லை. பசித்த குழந்தைபோல அந்தப்புறம் எட்டிப் பார்த்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் எழுந்துவிட்டார்.

ஜெயராஜ் எஸ்குயர் பிரசங்கத்தின் நடுவே எழுந்து, பூட்சைக் கழற்றி ஓரமாக வைத்து, தூணைச் சுற்றி நடந்து, கேங் ஆட்கள் உட்கார்ந்திருந்த பாயின் முன்வரிசைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த தங்கமணி ஒன்றும் கேட்கவில்லை. தண்டவாளத்தில் ஆணி அடித்து அடித்துக் கருங்காலிபோல ஆன தோளைச் சற்று ஒடுக்கி, பாயில் பாதியை விட்டுக் கொடுத்தான். ஜெயராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிமிர்ந்தார். அம்பாரியின் விளிம்பில் ஐயரின் முகம் முழுசாகத் தெரிந்தது. ஐயர் ஏனோ பேச்சை நிறுத்தி, வாய் திறந்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் தழுதழுக்க இரண்டு வார்த்தை சொல்லி முடித்தார். அந்த இரண்டும் ஜெயராஜுக்குக் கிடைத்தன. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது, பக்கத்திலிருந்த முழங்கை அவர்மேல் மெல்லப் பட்டது. அவரும் எழுந்தார்.

வெளியே வந்தால் ஒரே கூட்டம். கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்களும் கண் கலங்குகிறவர்களுமாக அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் காலில் விழப் போனார். ஜெயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மீசையைத் தடவி, "யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார். அது இன்னும் ஆழமாகப் போயிற்று.

வழியில் புஷ்பவல்லிதான் சொன்னாள்.

"இன்னைக்குப் பிரசங்கம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கலியாண விருந்துக்குப் போனா மொதப் பந்திக்கு முட்டி மோதாதே, கடைசி எடத்துல போயி உக்காருன்னு ஆண்டவர் சொன்னாரே, அதான். ஐயரு அதச் சொல்லி, நம்மள்ல யாரு அப்படிச் செய்வான்னு கேட்டாரு. கேட்டு வாய மூடல, நீங்க எந்திரிச்சுப் போறீங்க!"

ஜெயராஜ் நடுத்தெருவில் நின்றுவிட்டார். ரிக்‌ஷாக்காரர் மணி அடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தார். மறுநாள் பாசாரில் மீன்காரர்கூட மரியாதையாக வழிவிட்டபோது, அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். தாழ்மைக்குக் கிடைக்கிற மரியாதை, பெருமைக்குக் கிடைப்பதைவிட ருசியானது என்று அந்த வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. பாயில் உட்கார்ந்தால் வசனமும் கிடைத்தது. கூடவே புகழும் கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தால் மறுக்கிறவர் யார்?

ரெங்கசாமியால் அதைப் பொறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவரும் பாய்க்கு வந்தார். தாழ்மைக்கு எதிராக இடுப்பு வலி இருந்ததால், சிவப்பு வெல்வெட்டுத் திண்டு ஒன்றையும் ஆள் தூக்கி வந்தான். அதற்கு அடுத்த வாரம் தபால் ஆபீஸ் கிராணி வந்தார். பிறகு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பெண்கள் பக்கத்தில் பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று நெருக்கித் தரையில் இறங்கின. இடம் பிடிக்கச் சீக்கிரம் வந்தார்கள். "நான் உங்களவிடக் கீழ உக்காரணும், தள்ளுங்க" என்று வாசலிலேயே வாக்குவாதம் நடந்தது.

பாய் ஒன்றுதானே? மேலே இருந்தவர்கள் இறங்க இறங்க, கீழே இருந்தவர்கள் ஏறவேண்டியதாயிற்று. கேங் ஆட்கள் கூச்சத்தோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். முன் பெஞ்சில் உட்கார அவர்களுக்குத் தைரியம் இல்லை. தகடு இல்லாத கடைசிப் பெஞ்சுகளில், கணப்பு மாடத்துக் குடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உயர்ந்த சாய்மானங்களுக்கு மேல் அவர்களுடைய தலைமயிர்கூடத் தெரியவில்லை. ஏழைகளைப் பெஞ்சில் ஏற்றி வைத்ததாகக் கமிட்டி ஒரு தீர்மானம் எழுதித் தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டது. பாயில் இடத்தகராறு முற்றியதால், யார் யாருக்கு எந்த முழம் என்று பெயிண்டில் பெயர் எழுதிவிடலாம் என்று இன்னொரு தீர்மானமும் போட்டது. முதல் பெயர், தாழ்மையில் மூத்தவரான ஜெயராஜின் பெயர்.

அந்த வாரம் ஐயர் பிரசங்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு அன்போடு கீழே பார்த்தார். அவர் உதட்டில் ஜெயராஜ் தம் பெயரையே கண்டார். தாழ்மைக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தனை நாள் ஏங்கின வசனம் அது. ஓர் எழுத்து தப்பாமல் கிடைத்தது. நெஞ்சில் கல்லாக இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். அதையும் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். முழங்கையால் மெல்லத் தொட யாரும் இல்லை. பக்கத்தில் ரெங்கசாமியின் திண்டு இருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தங்கமணியின் நினைவு வந்தது. திரும்பிப் பின்பெஞ்சுகளைத் தேடினார். தங்கமணி வரவே இல்லை.

மறுநாள் சாயங்காலம், ரயில் கொட்டடிக்குப் பின்னால் இருந்த கூலி லயத்து வரிசைவீடுகளுக்குப் போனார். தங்கமணி குளித்துவிட்டு வாசலில் நின்றான். அவன் மனைவி மாரியாயி ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டு, கறுப்புக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"கோயிலுக்கு ஏன் வரல, தங்கமணி? உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க கிராணியாரே. பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. சாஞ்சா சொகமாத் தூக்கம் வருது. தூங்கறதுக்கு இங்கயே எடம் இருக்குதேன்னுதான்."

"ஏன் தூங்கணும்? பிரசங்கம் கேக்கலாமே."

தங்கமணி சிரித்துக்கொண்டு நின்றான். மாரியாயி கையை ஆட்டி உரக்கச் சொன்னாள். உரக்கச் சொல்கிறாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. "அவுகளுக்குக் காது செவிடுங்க! கேங்குல பாதிப் பேரு அப்படித்தான். சுத்தியல் சத்தம், எஞ்சின் சத்தம், காத அடிச்சுருது. முன்னால உக்காந்தா ஐயரு வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாக. இப்ப பின்னால போட்டாச்சு. என்னத்தப் பாக்க? குடையவா?"

செவிடு என்ற சொல்லை அவள், மழை வருகிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். லயத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயராஜ் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கமணி... எனக்கும்..."

"தெரியுங்க."

"தெரியுமா? எப்படி?"

"நீங்க ஐயரு வாயப் பாப்பீங்க. பெரிய மனுசருங்க யாரும் அதப் பாக்க மாட்டாங்க. கடிகாரத்தத்தான் பாப்பாங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லி என்னங்க ஆவப்போவுது? பாட்டு தொடங்கினா ஒரு இடி இடிச்சுவிட்டாப் போவுது. எனக்கு அந்தப்பக்கம் ஒருத்தரு இடிப்பாரு. நான் உங்கள இடிப்பேன்."

வீடு வந்து சேரும்வரை ஜெயராஜ் ஒன்றையே நினைத்துக்கொண்டு நடந்தார். தம் வெட்கத்தை மூடி மறைக்க எடுத்த போர்வை, அத்தனை பேருடைய பாயாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிப்பது மூத்த வார்டனின் வேலை. ஜெயராஜ் கழுகு மேடைக்குப் போனார். பாய்க்குப் பெயிண்ட் அடிக்கிற தீர்மானத்தை வாசிக்கவேண்டும். அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் மன்னிக்கணும். அன்னைக்கு நான் பாயில போயி உக்காந்தது தாழ்மையினால இல்ல. எனக்குக் காது கேக்காது. தூணு மறைச்சுது. ஐயரு வாயப் பாக்கத்தான் போனேன். அந்தப் பிரசங்கத்த நான் கேக்கவே இல்ல. நீங்க கொடுத்த மரியாதைய மட்டும் சும்மா வாங்கி வச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கினார். "கேங் ஆளுங்க பல பேருக்கும் இதே கதைதான். அவங்கள நாம குடைக்குப் பக்கத்துல வச்சுட்டோம். அந்த எடம் அவங்களுக்கு வேணும். நமக்கு அலங்காரம்."

எதிரே இருந்த முகங்கள் எல்லாம் அசையாமல் இருந்தன. யாராவது சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு உதடாகப் பார்த்தார். புஷ்பவல்லி மட்டும் சிரித்தாள், கன்னம் நனைய.

ஐயர் படி இறங்கி வந்து அவருக்கு நேரே நின்றார். "இத்தன வருஷம் பிரசங்கம் பண்ணி, சொன்னத ஒருத்தராச்சும் செஞ்சாரேன்னு பூரிச்சுப் போயிருந்தேன் ஜெயராஜ்," என்றார். "அந்த ஒருத்தரும் கேக்கலையா?" பிறகு அவரைக் கட்டிக்கொண்டார். தோளில் முகம் புதைந்திருந்ததால் அதற்குமேல் சொன்னது என்னவென்று ஜெயராஜுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ரெங்கசாமி ஓடிவந்தார். ஜெயராஜின் காதில் வாயை வைத்து, தண்டவாளம் அதிர்கிற மாதிரி கத்தினார். "அண்ணே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" மனதாரச் சொன்னதுதான். நல்ல மனிதர்; பணம் கொஞ்சம் சத்தம் போட வைத்திருந்தது. அவர் கத்தியதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை; ஆனால் விலகியபோது முகம் தெரிந்தது, எல்லாம் தெரிந்தது.

பாயின் மவுசு ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. தாழ்மையின் சிம்மாசனமாக இருந்தது செவிடர்கள் உட்காரும் இடமாகிவிட்டதும், கனவான்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவருக்கு மூட்டு வலி. ஒருவருக்கு ஈரம் ஆகாது. வெல்வெட்டுத் திண்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. மூத்த வார்டன் பதவியையும் மாற்றவேண்டுமா என்று கமிட்டி கூடிப் பேசியது. சபையாரின் புகார் ஒன்றும் காதில் விழாத வார்டனைவிட நல்ல வார்டன் கிடைக்கமாட்டார் என்று முடிவாகி, அவரே நீடித்தார்.

கேங் ஆட்கள் பாய்க்குத் திரும்பினார்கள். ஜெயராஜ் அவர்களோடு தங்கமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பெஞ்சின் கோடியை, பித்தளைத் தகட்டோடு, ரெங்கசாமிக்கு விட்டுக் கொடுத்தார். ரெங்கசாமி அதில் பெருமையாக உட்கார்ந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் இப்போதெல்லாம் நிதானமாக, பாயைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆனாலும் ஆவேசம் வந்துவிட்டால் பெண்கள் பக்கம் திரும்பிவிடுவார். அப்போது பாயில் ஒரு சலசலப்பு எழும்.

"என்ன சொன்னாரு கிராணியாரே?"

"காணாமப்போன ஆடு. பெறகு என்னமோ சொன்னாரு, தெரியல."

"தோள்மேல தூக்கிட்டு வந்தாருன்னாருங்க. அது எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முந்திதான் தெரியல."

"தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டுத் தேடிப் போனாரு."

"அம்புட்டையும் விட்டுட்டா? ஒத்த ஆட்டுக்கா?"

"ஒத்த ஆட்டுக்குத்தான்."

இரண்டு பேரும் ரகசியமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுடைய ரகசியம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது கோயிலில் அவர்களைத் தவிர மற்றெல்லாருக்கும் தெரியும். தூணுக்குப் பின்னால் ரெங்கசாமிகூட அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். ஐயர் ஒரு கையைப் பீடத்தின் விளிம்பில் வைத்தபடி காத்திருக்கிறார். அவர்கள் பேசி முடித்து நிமிர்ந்து தம் முகத்தைப் பார்த்த பிறகு, விட்ட இடத்திலிருந்து மெல்லத் தொடங்குகிறார்.